வலி நின்றுபோன கடைவாய்ப்பல்

கலா, குமார், இதை ரெண்டு பேரும் வாசிக்க வேண்டும். ஒருத்தர் வாசித்து முடித்ததும் அடுத்தவருக்குப் போன் போட்டு, வாசித்தாச்சா என்று கேளுங்கள். அப்பாவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். எழுத்தில் பிழை இருந்தால் கலா திருத்தி வாசித்துக்கொள்வாள். விஷயத்தில் பிழை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து குமார் பேசினான். "கீழ கடைவாய்ப்பல்லு ஒரு வாரமா உசுர எடுத்துட்டுப்பா. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டேன். ரெண்டு நாளா வலியே இல்ல, தானா நின்னுட்டு. லீவுல ஊருக்கு வரும்போது பாத்துக்கிடுதேன்" என்றான். உங்கம்மா பக்கத்திலிருந்து "முருகா, நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குமார், நீ ரெண்டு தடவை ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் இருந்தது. எனக்குத்தான் பேச வரவில்லை.

பிறகு உடனே பல் டாக்டரிடம் போ என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். கட்டைவிரலை நம்பி நான் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். உங்கம்மா இதைப் போட்டோ எடுத்து ரெண்டு பேருக்கும் அனுப்புவாள்.

"வலி தானா நின்னுட்டு" என்று இதே வார்த்தையை இன்னொருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தவர்தான். குற்றாலம் மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடசாமி மாமா. ஒவ்வொரு சீசனுக்கும் நாம் குளிக்கப் போனால் உங்கள் ரெண்டு பேரையும் பிடித்து நிறுத்தி, கழுத்தில் உள்ள தழும்பைக் காட்டி, "ஒங்க அப்பா இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல பிள்ளைகளா" என்பாரே, அவர். எங்க அப்பா ஒருத்தரைக் காப்பாற்றினார் என்று கலா பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாள். அந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மாடசாமிக்கும் அந்தப் பாதிதான் தெரியும். மறுபாதியை இன்று எழுதுகிறேன்.

நான் தென்காசியில் எஸ்தர் டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு சைக்கிள் கடையை விட்டுவிட்டு வந்திருந்தேன். முதலில் தரை துடைத்தேன், தண்ணீர் பிடித்தேன், கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கருவிகளை இடுக்கியால் எடுத்து அடுக்கினேன். பிறகு நோயாளி வாயில் எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்கக் கற்றேன். பிறகு சிமென்ட் குழைக்க, பிறகு எக்ஸ்ரே பிலிம் கழுவ. கடைசியில் வாசல் மேசையும் என் பொறுப்புக்கு வந்தது. இருபத்தாறு வருஷம் இந்த நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் அம்மா என்பேன். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பல் வலிக்கிறது என்று நோயாளி கை காட்டினாலும் அந்தப் பல்லை முதலில் தொடமாட்டார். எதிர்ப்பக்கத்து நல்ல பல் மூன்றை, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கம்பிப் பிடியால் மெதுவாகத் தட்டுவார். "இது எப்படி இருக்கு? இது?" என்று கேட்டுக்கொண்டே கடைசியில்தான் வலிக்கிற பல்லுக்கு வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பயந்து போய் வாராங்க அண்ணாச்சி. வாயில எல்லாமே கெட்டுப் போகலன்னு அவங்களுக்கு மொதல்ல தெரியணும்" என்றார். ஊசி போடும்போது "மூணு எண்ணுவேன்" என்று சொல்லி ரெண்டிலேயே முடித்துவிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். ரொம்ப இறங்கினால் நாங்கள் கருவிகளைச் சத்தமில்லாமல் வைப்போம்.

சீழ் வைத்த பல் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் இலத்தூர்க்காரர் ஒருவர். சொந்தமாக வயல் வைத்திருந்தவர். ஒருநாள் கன்னம் ஒருபக்கம் உப்பி வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நேத்து வரைக்கும் செவுத்துல முட்டிக்கிட்டு கெடந்தேன். காலைல எந்திரிச்சா வலியக் காணோம். ஆனா மொகம் பலாப்பழமா இருக்கு. வலி போனா வீங்குமா?"

டாக்டர் நான் கழுவிக் கொடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். வேரின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது.

"பல்லுக்குள்ள ஒரு சின்ன ரூம் இருக்கு அண்ணாச்சி. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அதுக்குள்ளதான். சொத்தை வழியா கிருமி போயி அத அழுக வச்சிட்டு. அந்தச் சீழு வேர் வழியா எறங்கி எலும்புக்குள்ள நின்னுருக்கு. எலும்பு விரிஞ்சு குடுக்காதுல்லா, அதான் அந்த வலி. நேத்து எலும்ப அரிச்சு ஓட்ட போட்டுட்டு வெளிய சதைக்கு வந்துட்டு. எடம் கெடச்சதும் அழுத்தம் கொறஞ்சிட்டு. வலி போச்சு, வீக்கம் வந்துட்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ கொளத்துல கரை ஒடஞ்ச மாதிரின்னு சொல்லுங்க. கொளத்துக்குப் பாரம் கொறஞ்சிட்டு. தண்ணி எங்கன போச்சுன்னு வயக்காரன்லா பாக்கணும்."

டாக்டர் பிலிமைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காலேஜ்ல எனக்கு ஒருத்தரும் இப்படிச் சொல்லித் தரல" என்றார். அதற்குப் பிறகு வருகிற எல்லாருக்கும் குளத்தையும் கரையையும்தான் சொன்னார்.

அன்று அந்த இலத்தூர்க்காரருக்குச் செய்த வைத்தியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சீழ் உள்ள இடத்தில் மரத்துப்போகிற ஊசி சரியாகப் பிடிக்காது. அதை டாக்டர் மறைக்கமாட்டார். "முழுசா மரக்காது, கொஞ்சம் தாங்கிக்கிடணும். கைய உசத்துனா நான் நிறுத்திருவேன்" என்றார். பல்லின் தலையில் மிஷினால் சின்னத் துவாரம் போட்டார். உள்ளே இருந்த சீழ் துவாரத்தில் மெதுவாக ஏறி வந்தது. மஞ்சளும் ரத்தமும் கலந்த நிறம், அழுகின முட்டை நாற்றம். நான் குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். ஈறின் அடியில் மெத்தென்று இருந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு, பஞ்சுத்துணி வைத்து அழுத்தினார். அங்கிருந்தும் வந்தது. பத்து நிமிஷத்தில் அவர் கையை உயர்த்தினார். டாக்டர் நிறுத்தினார். "வலிக்கலம்மா. நல்லாருக்குன்னு சொல்லத்தான் தூக்குனேன்" என்றார் அவர்.

வெறும் மாத்திரை போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். குமார், நீயும் கேட்பாய். மாத்திரை ரத்தத்தில்தான் போகும். செத்துப்போன பல்லுக்குள் ரத்தம் ஓடுவதில்லை. மருந்து சுற்றி நிற்கிற வீக்கத்தை அடக்கும், ஆனால் கிருமி குடியிருக்கிற அறைக்குள் போகாது. ஒன்று அந்த அறையைத் திறந்து சுத்தம் செய்து வேர் வரைக்கும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்றை இருபத்தாறு வருஷத்தில் நான் பார்க்கவில்லை. இன்னொன்று. கன்னத்துக்கு வெளியே சூடாக ஒத்தடம் கொடுக்காதே. சீழ் வெளிப்பக்கமாக உடைத்துக்கொண்டு வரும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளி.

இனி வாசல் மேசைக்கு வருகிறேன். டோக்கன் கொடுப்பது என் வேலை. வட்டமான பிளாஸ்டிக் டோக்கன், நம்பர் போட்டது. வரிசைப்படிதான் உள்ளே அனுப்ப வேண்டும். ஆனால் வலி தாங்காமல் வருகிறவர்களை முன்னால் விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாருக்கு வலி அதிகம் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும் என்று உங்கம்மாவிடம் பீற்றிக்கொள்வேன்.

சீசனில் ஆஸ்பத்திரி நிறைந்துவிடும். உள்ளூர்க் கூட்டத்தோடு குளிக்க வந்த வெளியூர்க் கூட்டமும் சேரும். அருவியிலிருந்து நேராக வருவார்கள். தலையில் எண்ணெய், தோளில் நனைந்த துண்டு. அவர்கள் உட்கார்ந்து எழுந்த பெஞ்சை நான் நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பேன். நனைந்த துண்டை யாரும் சீசனில் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. கலா அப்போது ஒன்பதாம் வகுப்பு, குமார் ஆறாம் வகுப்பு. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. மாடசாமி வந்தார். அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்க்கிறேன். நாற்பது வயது இருக்கும். சட்டையில் எண்ணெய் வாடை. ஈரத்துண்டை மடித்து வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வலி நின்னுட்டு" என்றார். குரல், வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "நாலு நாளு பாடாப் படுத்திட்டு. முந்தாநாளு அருவில தாடையக் காட்டிக்கிட்டு அரைமணி நேரம் நின்னேன். தானா நின்னுட்டு. சீசன் முடிஞ்சு பாப்போம்னு இருந்தேன். பொஞ்சாதிதான் காட்டிட்டு வாங்கன்னு வெரட்டிட்டா."

நானும் இந்த ஊர்க்காரன்தான். கழுத்துப் பிடிப்பு, தோள் வலி எல்லாவற்றுக்கும் அருவியில் போய் நின்றவன். தண்ணீர் அடித்தால் கட்டினது கலைந்துவிடும் என்று நம்பினவன். அருவி இவருக்கும் வலியை எடுத்துவிட்டது என்றுதான் அந்த நிமிஷம் எனக்குப் பட்டது. இலத்தூர்க்காரர் சொன்ன குளமும் கரையும் அப்போது ஞாபகம் வரவில்லை.

"வெத்தலையத் துப்பிட்டு வந்து உக்காருங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாயில் வெற்றிலை இல்லை. இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தேன். அப்போது உள்ளே போயிருந்தது ஒன்பதாம் நம்பர்.

முக்கால் மணி நேரம் கழித்துப் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் வந்தார். வாசலிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏ அண்ணாச்சி, உசுரு போவுது, நிக்க முடியல" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கொடுத்தது இருபத்தாறு. ஆனால் அடுத்த ஆளாக அவரைத்தான் உள்ளே விட்டேன். அவருக்கு ரெண்டு பல்லுக்கு நடுவில் மாங்காய் நார் சிக்கியிருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டார். வெளியே வந்தவர் பழைய ஆளாகிவிட்டார். செல்போனில், "ஏலே, லாரி கெளம்பிட்டாலே?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, பெஞ்சில் இருந்த மாடசாமியைப் பார்த்தார்.

"என்னவே, அருவில இருந்து நேரா வாரீரா? துண்டு சொட்டுது, தலை காஞ்சு கெடக்கு. துண்ட மட்டும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தீராக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடசாமி சிரிக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி முன்பக்கமாகச் சாய்ந்து, தாடையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கமிஷன் கடைக்காரர் வேடிக்கையாகச் சொன்னதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். தலை காய்ந்திருக்கிறது, துண்டு நனைந்திருக்கிறது. அப்படியென்றால் அது அருவித் தண்ணீர் இல்லை. எச்சிலை முழுங்க முடியாமல் ஒரு மனிதன் ஒரு மணி நேரமாகத் துண்டில் வடித்துக்கொண்டிருக்கிறான்.

சிரிப்புச் சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்போது பதினொன்று ஐம்பது. அவர் பார்வை மாடசாமியிடம் போய் நின்றது. கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தார்.

"அண்ணாச்சி, இவரு எப்போ வந்தாரு?"

குரல் இறங்கியிருந்தது.

"இப்பத்தாம்மா. ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

பிள்ளைகளா, அப்பா அப்படிச் சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உள்ளே கூட்டிப் போனோம். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு அண்ணத்தில் முட்டி நின்றது. டாக்டர் தாடைக்கு அடியில் ரெண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தினார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சதை மாதிரி இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது. "முழுங்குங்க" என்றார். மாடசாமி முழுங்கப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததே தவிர தொண்டை அசையவில்லை.

வழக்கம்போல் நான் நாற்காலியைப் பின்னால் சாய்க்கப் போனேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாய்க்காதீங்க. படுத்தார்னா நாக்கு பின்னால போயி மூச்ச அடைச்சிரும்."

கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் கன்னத்துப் பக்கம் வராமல் நாக்குக்கு அடியில் இறங்கி, கழுத்துக்குப் பரவியிருந்தது. அதற்கான வைத்தியத்தைத் தன் நாற்காலியில் வைத்துச் செய்யக் கூடாது, மூச்சுக்கு வழி செய்கிற வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நரம்பில் ஒரு ஊசி போட்டார். ஆம்புலன்ஸுக்கும் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேசினார். மாடசாமியின் மனைவிக்குத் தகவல் சொல்லி நேராக அங்கே வரச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நீங்க கூடப் போங்க அண்ணாச்சி. போய்ச் சேர்ற வரைக்கும் அவரு முதுகு படுக்கையில படக் கூடாது. ஒங்ககிட்ட கேக்கது இது ஒண்ணுதான்."

ஆம்புலன்ஸில் இருந்த பையன் நல்லவன். ஆனால் படுக்கையில் போட்டு வாரைக் கட்டுவதுதான் அவன் படித்த படிப்பு. "படுக்க வைங்க அண்ணாச்சி, வண்டி குலுங்கும், விழுந்துருவாரு" என்றான்.

"விழ மாட்டாரு. நான் பிடிச்சிருக்கேன்."

"அப்படிக் கூட்டிட்டுப் போகக் கூடாது அண்ணாச்சி. என்னத்தான் கேப்பாங்க."

"தம்பி, படுத்தா மூச்சு நின்னுரும். டாக்டரம்மா சொல்லி அனுப்பிருக்காங்க. கேட்டா என்னயக் கை காட்டு."

படுக்கையின் ஓரத்தில் மாடசாமியை உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்து, என் நெஞ்சில் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டேன். பாவூர்சத்திரம் தாண்டும்போது மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எச்சில் என் சட்டைக் கையில் வடிந்தது. ஆலங்குளம் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டது. அந்த ஒரு நொடியில் நான் யாரையெல்லாம் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. மறுபடி விசில் வந்தது. அவர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மூன்றாவது தடவைதான் புரிந்தது.

"சீசன்…"

"சீசன் எங்கயும் போவாது. மூச்ச விடுங்க. பேசாதிய."

அந்த ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். கழுத்தில் துவாரம் போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். தாடைக்கு அடியில் ரெண்டு பக்கமும் கீறி, சீழ் வடிய ரப்பர் துண்டு வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணமான அந்த ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வெளியே வந்தார். மாடசாமியின் மனைவியும் வந்து சேர்ந்திருந்தார்.

"வண்டில உக்கார வச்சே கொண்டு வந்தது யாரு?"

"நான்தான் சார்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. படுக்க வச்சிருந்தா வழியிலேயே போயிருப்பாரு."

அந்த அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் சட்டையில் அவர் புருஷனுடைய எச்சில் இன்னும் காயவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உங்க வீட்டுக்காரரை ஒரு மணி பத்து நிமிஷம் பெஞ்சில் உட்காரவைத்ததும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தெரிந்த கதை அங்கேதான் பிறந்தது.

அந்த சீசன் முழுக்க மாடசாமிக்குப் போய்விட்டது. ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டார். அடுத்த சாரலுக்கு அருவிக்கரையில் எண்ணெய் பாட்டிலோடு நின்றார். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார். இடுப்பு வலி, சளி என்று ஏதாவது சொல்லி நான் உட்காரவே இல்லை. அப்பாவுக்கு எண்ணெய் பிடிக்காது என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கையை என் தலையில் வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கழிந்து வந்த திங்கட்கிழமை காலையில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அன்னைக்குப் பத்து நிமிஷம்னு சொன்னேன்லா."

அவர் குழாயை மூடவில்லை.

"பத்து நாப்பதுக்கே வந்துட்டாரும்மா."

"தெரியும். அவரு கையில இருந்த டோக்கன் நம்பரப் பாத்தேன். இருபத்தாறு அதுக்கு முன்னாலயே உள்ள வந்துட்டுப் போயிட்டுல்லா."

"பின்ன ஏம்மா கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லிட்டீங்க." குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார். "தப்பு ஒங்களோடது மட்டும் இல்ல. வலி உள்ளவங்கள மொதல்ல விடுங்கன்னு சொன்னது நான்தான. வலி போனதுக்குப் பெறகு வாறவங்கதான் மோசம்னு ஒங்களுக்குச் சொல்லித் தந்திருக்கணும். இனிமே வலிக்கான்னு கேக்காதீங்க. வாயத் திறக்கச் சொல்லுங்க. எச்சிலு எறங்குதான்னு கேளுங்க."

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் மேசைக்கு வந்த ஒருத்தரையும் இந்த ரெண்டும் கேட்காமல் உட்காரவைத்ததில்லை. பல் குத்துகிற குச்சி இருக்கிறதா என்று கேட்க வந்தவரைக்கூட வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டரும் மாறினார். அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, பெஞ்சில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது அங்கே டோக்கன் இல்லை. போனிலேயே நேரம் வாங்குகிறார்கள், எக்ஸ்ரே டிவி மாதிரித் திரையில் வருகிறது. இப்போது மேசையில் இருக்கிற பெண் போன மாதம் என்னைக் கடைவீதியில் பார்த்தாள். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வந்தாலும் டாக்டரம்மா ஒங்க கேள்வி ரெண்டையும் கேக்காம விட மாட்டேங்காங்க" என்றாள். என் கேள்வி என்கிறாள். எப்படி வந்த கேள்வி என்று நான் சொல்லவில்லை.

குமார், இதை வாசிக்கும்போதே கண்ணாடி முன்னால் போய் நில். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் போகிறதா என்று பார். நாக்குக்கு அடியில், தாடைக்கு அடியில் தொட்டுப் பார். எச்சிலை முழுங்கிப் பார். இதில் எது முடியாமல் போனாலும், காய்ச்சல் இருந்தாலும், பல் டாக்டரைத் தேடாதே. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போ. எல்லாம் சரியாக இருந்தால் நாளைக்கே பல் டாக்டரிடம் போ. வலி இல்லையே என்று அவர்கள் கேட்டால், இல்லாததால்தான் வந்தேன் என்று சொல். லீவுக்கு நாலு மாதம் இருக்கிறது. மாடசாமி சீசன் முடியட்டும் என்று இருந்தார், நீ லீவு வரட்டும் என்கிறாய். கட்டைவிரல் வேண்டாம். பல்லின் எக்ஸ்ரேயை அனுப்பு. வேர் நுனியில் கறுப்பு எது என்று பார்க்க எனக்கு இன்னும் தெரியும்.

வருகிற சாரலுக்கு நான் தனியாகக் குற்றாலம் போய் மாடசாமியிடமும் இதைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

எஸ்தர் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன் என்று எழுதினேன். ஒன்றை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. அந்த சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. சாவி என்னிடம்தான் இருக்கும். உங்கம்மாவிடம் கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். பத்து நாற்பது ஆகும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு மாடசாமி உட்கார்ந்த பெஞ்சில், அவர் உட்கார்ந்த இடத்தில், அவர் மாதிரியே முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் என் மேசை நேர் எதிரே தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எச்சில் ஊறியது. ஒவ்வொரு தடவையும் தானாகத் தொண்டையில் இறங்கியது. எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டே வந்தேன், பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. பதினொன்று ஐம்பதுக்கு எழுந்தேன். துணியை எடுத்து அந்தப் பெஞ்சைத் துடைத்தேன். அது காய்ந்துதான் இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் துடைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன்.